குடிநோயை அளந்த கதை: பாட்டில் கணக்கும் மனிதர் கணக்கும்



நினைவுச் சொற்பொழிவுக்குக் குடியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது அமைப்பாளர்களில் சிலர் தயங்கினார்கள். தயக்கம் நியாயமானதுதான். ஊர்த்தெரு நம்மைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் வாயில் வரும் சொல் குடி. "அவனுங்களுக்கு எவ்ளோ குடுத்தாலும் குடிச்சே அழிப்பானுங்க" என்ற ஒற்றை வரியைச் சொல்லிக் கூலி உயர்வை மறுத்திருக்கிறார்கள். மனைப்பட்டா கேட்டவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சாவு வீட்டில் பறையடிக்க வந்தவருக்குக் கூலியோடு சாராயத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் அவரைக் குடிகாரன் என்று பேசுவதும் அதே தெருதான். இதனாலேயே நம் மேடைகளில் இந்தப் பேச்சைத் தவிர்க்கப் பழகிவிட்டோம். அந்த மௌனத்தின் விலை நம் காலனிச் சுவர்களில் ஒட்டியிருக்கிறது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களில் நாற்பதைத் தாண்டாத முகங்களைப் பார்க்கிறோம். காரணம் என்னவென்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

குடி நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்துக்குள் நான் போகப்போவதில்லை. எத்தனை பேருக்குக் குடி நோயாக மாறியிருக்கிறது, நிறுத்தியவர்களில் எத்தனை பேர் திரும்பக் குடிக்கிறார்கள் ஆகிய இரண்டு எண்களை உலகம் எப்படிக் கணக்கிட்டது என்பதுதான் இன்றைய பேச்சு. மருத்துவர்கள் முதல் எண்ணைப் 'பரவல்' என்பார்கள். இரண்டாவதை மறுவாழ்வு மையங்களில் 'ரிலாப்ஸ்' என்றே சொல்கிறார்கள், நம் ஆட்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள். இரண்டு எண்களுமே ஏழைகள் பிடிபடும் இடங்களிலும், ஏழைகள் மிகவும் நொந்துபோய் வந்து சேரும் இடங்களிலும்தான் முதலில் எண்ணப்பட்டன. பிறகு அவை எல்லோருக்குமான உண்மைபோல ஊர் சுற்றின.

முதலில் நம் மண்ணில் தொடங்குவோம். இங்கே அரசு முதலில் எண்ணியது குடிப்பவரை அல்ல, மரத்தையும் கடையையும். 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் உரிமம், ஏலம், வரி என்ற வலைக்குள் கொண்டுவந்தது. எத்தனை கடை, எவ்வளவு ஏலத்தொகை என்பதற்கு அரசிடம் துல்லியமான கணக்கு இருந்தது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அதன் பொருளாதார விளைவுகளை அறிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியாக ஆய்வும் நடந்தது. வீட்டு வரவு செலவுதான் அந்த ஆய்வின் அளவுகோல். மிச்சமான காசு எங்கே போனது என்பது முக்கியமான கேள்விதான். ஆனால் கடை மூடிய மறுநாள் கை நடுங்கித் தூக்கமில்லாமல் கிடந்தவன் என்ன ஆனான் என்பது பொருளாதார விளைவு என்ற தலைப்புக்குள் வராது.

அதற்குப் பிந்தைய வரலாறு உங்களுக்குத் தெரியும். 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் அது ஒத்திவைக்கப்பட்டு 1974இல் திரும்ப வந்தது. 1981இல் கடைகள் மறுபடி திறந்தன. 1983இல் டாஸ்மாக் மொத்த விற்பனை நிறுவனமாகத் தொடங்கி, 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடையையும் தானே நடத்துகிறது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் 4,829 கடைகள் இருந்தன. 2023-24 நிதியாண்டில் அரசுக்குக் கிடைத்த மது வருவாய் சுமார் 45,856 கோடி ரூபாய். தீபாவளிக்கு எந்த மண்டலத்தில் எத்தனை கோடிக்கு விற்றது என்பது மறுநாளே செய்தியாக வந்துவிடுகிறது. பாட்டிலைப் பொறுத்தவரை தமிழ்நாட்டு அரசின் கணக்கில் ஓட்டை இல்லை.

இந்த இடத்தில் அண்ணல் அம்பேத்கரின் நிலைப்பாட்டையும் நினைவுபடுத்த வேண்டும். நம் மேடைகளில் இதைச் சொன்னால் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். 1951ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தேர்தல் அறிக்கை, நிதி திரட்டும் வழிகளில் ஒன்றாக மதுவிலக்கை நீக்குவதை முன்வைத்தது. குடிக்காத ஒரு மனிதர் தலைமை தாங்கிய கட்சியின் அறிக்கை அது. ஒழுக்கத்தின் பெயரால் எடுக்கப்படும் முடிவைச் செலவுக் கணக்கோடு வைத்துப் பார்க்கும் பொருளாதார அறிஞரின் பார்வை அதில் இருக்கிறது. இதைச் சொல்வது டாஸ்மாக்கை நியாயப்படுத்துவதற்காக அல்ல. வருவாய்க்காகக் கடையைத் திறக்கும் அரசுக்கு, அந்தக் கடையால் நோயாளி ஆனவரையும் எண்ணும் கடமை உண்டு. அந்த இரண்டாவது பாதி இன்றும் நிறைவேறவில்லை.

நோயாளியை எண்ணும் வரலாற்றில் இந்தியாவுக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. அது மதுவைப் பற்றியதல்ல, கஞ்சாவைப் பற்றியது. கஞ்சாவால் பைத்தியம் பிடிக்கிறது என்பதற்கு ஆங்கிலேய அரசு நம்பியிருந்த ஆதாரம் மனநல விடுதிகளின் சேர்க்கைப் பதிவேடு. 1893-94இல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா ஆணையம், 1892ஆம் ஆண்டின் சேர்க்கைகளை எடுத்து ஒவ்வொன்றாகத் திரும்ப விசாரித்தது. நோயின் காரணம் என்ற கட்டத்தை மருத்துவர் நிரப்பியிருக்கவில்லை. நோயாளியைக் கொண்டுவந்த போலீஸ் கொடுத்த விவரம்தான் பதிவேட்டில் ஏறியிருந்தது. காரணம் தெரியாத இடத்தில் கஞ்சா என்று எழுதுவது வழக்கமாகியிருந்தது. அந்தப் புள்ளிவிவரத்தை நம்ப முடியாது என்று ஆணையமே எழுதியது. காலனிய ஆணையங்களைப் பாராட்டும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் ஒரு எண்ணின் பின்னால் போய், அதை யார் எழுதினார் என்று தேடிய அந்த வேலையை இன்றைய மாணவர்கள் படிக்க வேண்டும்.

மதுவுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் குடிநோய் ஆராய்ச்சியின் பெரிய பெயர் இ.எம். ஜெல்லினெக். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வேலை செய்தவர். கல்லீரல் சுருக்க நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து ஒரு நாட்டில் எத்தனை குடிநோயாளர்கள் இருப்பார்கள் என்று கணக்கிட ஒரு சூத்திரம் தந்தார். 1950களில் உலக சுகாதார நிறுவனமும் அதை எடுத்துக்கொண்டது. செத்தவர்களை வைத்து உயிரோடிருப்பவர்களை எண்ணும் முறை இது. கல்லீரல் மஞ்சள்காமாலைக் கிருமியாலும் கெடும் என்பதால் ஏழை நாடுகளில் இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாளடைவில் அந்தச் சூத்திரம் கைவிடப்பட்டது.

குடிநோய் படிப்படியாக எப்படி முற்றுகிறது என்று ஜெல்லினெக் வரைந்த சித்திரம் இன்னும் பரவலாகப் பேசப்பட்டது. பல மறுவாழ்வு மையங்களின் சுவரில் ஏதோ ஒரு வடிவத்தில் அது இன்றும் தொங்குகிறது. அதன் முதல் வடிவம் 1946இல் வந்தது. 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பின் பத்திரிகை வாசகர்களுக்கு அனுப்பிய கேள்விப்பட்டியலுக்கு வந்த பதில்களில் 98 மட்டுமே அதற்கு அடிப்படை. எல்லாம் ஆண்கள். பெண்களின் பதில்கள் வேறுமாதிரி இருந்ததால் ஒதுக்கிவைக்கப்பட்டன. ஏற்கெனவே குடியை விட்டு, ஒரு சங்கத்தில் சேர்ந்து, பத்திரிகை படித்து, கடிதம் எழுதிய 98 அமெரிக்க ஆண்களின் வாழ்க்கை உலகத்துக்கே குடிநோயின் இலக்கணமானது.

அடுத்து வந்தது கேள்விப்பட்டியல்களின் காலம். 1971இல் மெல்வின் செல்சர் வெளியிட்ட 'மாஸ்ட்' 25 கேள்விகள் கொண்டது. குடித்ததற்காக எப்போதாவது குற்ற உணர்வு வந்திருக்கிறதா என்று ஒரு கேள்வி. குடித்துவிட்டு நடந்துகொண்ட விதத்துக்காகச் சில மணி நேரமாவது காவலில் வைக்கப்பட்டிருக்கிறீர்களா என்று இன்னொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று சொல்பவர் யார்? கிளப்பில் குடித்துவிட்டு டிரைவர் ஓட்டும் காரில் வீட்டுக்குப் போகிறவரா, டாஸ்மாக் பின்புறம் நின்று குடித்துவிட்டு நடந்து வருகிறவரா? கைது என்பது குடியின் அளவை மட்டும் காட்டுவதில்லை. போலீஸ் எந்தத் தெருவில் ரோந்து போகிறது என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடான டி.எஸ்.எம்.மிலும் சட்டச் சிக்கல் என்பது நோயின் அடையாளங்களில் ஒன்றாக நீண்ட காலம் இருந்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அதை எடுத்தார்கள். நோயை அடையாளம் காண அந்தக் கேள்வி பெரிதாக உதவவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். இப்போது 11 அடையாளங்கள். 12 மாதங்களுக்குள் இரண்டு இருந்தால் மதுப் பயன்பாட்டுக் கோளாறு, ஆறும் அதற்கு மேலும் இருந்தால் கடுமையானது.

கேள்விப்பட்டியல் ஒரு மக்களையே எப்படிக் காயப்படுத்தும் என்பதற்கு அலாஸ்காவின் வடகோடியில் உள்ள பாரோ என்ற ஊர் சாட்சி. இன்று அதன் பெயர் உட்கியாக்விக். இனுபியாட் பழங்குடி மக்களின் ஊர். அங்கே குடித்தவர்களைக் காவலில் எடுத்துவைக்கும் நடைமுறை இருந்தது. அதைச் சீர்படுத்தும் நோக்கத்தில்தான் 1979இல் ஒரு ஆய்வுக்கு ஏற்பாடானது. ஆய்வாளர்கள் பென்சில்வேனியாவிலிருந்து வந்தார்கள். 88 பேரிடம் கேட்டார்கள். கையில் இருந்தது மாஸ்ட். காவலில் வைக்கப்பட்டிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு, காவலில் வைப்பதே வழக்கமாக இருந்த ஊரில் என்ன பதில் வரும்? 1980 ஜனவரியில் முடிவுகள் ஊரில் வாசிக்கப்படவில்லை. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி பிலடெல்பியாவில் பத்திரிகையாளர்களைக் கூட்டி வெளியிட்டார்கள். ஊரின் பெரும்பான்மையினர் குடிநோயாளர்கள் என்ற பொருளில் அமெரிக்கா முழுவதும் செய்தி வந்தது. ஊராட்சியின் கடன் பத்திரங்களுக்கு இருந்த மதிப்பு குறைந்தது. ஆய்வில் பங்கெடுத்த மருத்துவர் ஒருவரே பிற்பாடு, எங்கே தவறு நடந்தது என்று எழுதினார். எங்கெல்லாம் நம் காலனிகளில் யாராவது படிவத்தோடு வருகிறார்களோ அங்கெல்லாம் எனக்குப் பாரோ நினைவுக்கு வரும்.

கேள்விப்பட்டியலே கூடாது என்று நான் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1980களில் ஆறு நாடுகளில் சோதித்து உருவாக்கிய 'ஆடிட்' ஒரு நல்ல கருவி. ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிகோ, நார்வே, அமெரிக்கா ஆகியவை அந்த நாடுகள். இந்தியா அதில் இல்லை. பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். எட்டைத் தாண்டினால் கவனிக்க வேண்டும், இருபதைத் தாண்டினால் அடிமைநிலை இருக்கலாம். கைதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஆனால் இதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்குள் போனால் இரண்டாவது கேள்வியிலேயே முட்டிக்கொள்ளும். ஒருமுறை களப்பணியில் ஒரு பெரியவரிடம், "அண்ணே, குடிக்கிற அன்னைக்கு எத்தனை டிரிங்க் சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன். "டிரிங்க்னா என்னா தம்பி? நானும் மச்சானும் ஒரு குவாட்டர் வாங்கி ஆளுக்கு ஒரு கட்டிங் போடுவோம், அவ்ளோதான்" என்றார்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். குவாட்டர் என்பது 180 மில்லி. பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று லேபிளில் இருக்கிறது. அப்படியானால் 77 மில்லி, எடையில் சுமார் 61 கிராம். ஆடிட் சொல்லும் ஒரு டிரிங்க் 10 கிராம். ஆக ஒரு குவாட்டர் ஆறு டிரிங்க், ஒரு கட்டிங் மூன்று. ஒரே அமர்வில் ஆறும் அதற்கு மேலும் குடிப்பது எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது ஆடிட்டின் மூன்றாவது கேள்வி. தனியாக ஒரு குவாட்டர் முடிப்பவர் அந்த எல்லையை அன்றைக்கே தொட்டுவிடுகிறார். 'ஒரு குவாட்டர்' என்று அவர் சொல்ல, கேட்பவர் படிவத்தில் 1 என்று எழுதினால் குடித்த அளவில் ஆறில் ஐந்து பங்கு காணாமல் போகும். மது விற்கும் அளவு இங்கே மூன்று நான்குதான்: குவாட்டர், ஆஃப், ஃபுல், பீர். இவற்றை டிரிங்க் கணக்காக மாற்றும் ஒரு அட்டையைப் படிவத்தோடு கொடுத்தாலே பாதிப் பிழை குறையும்.

இந்திய அளவில் நல்ல கணக்கெடுப்புகள் வரத் தொடங்கியது மிகச் சமீபத்தில்தான். பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 34,802 வயது வந்தவர்களிடம் போனது. மதுக் கோளாறு 4.6 சதவீதம் என்றது. டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த கணக்கெடுப்பு எல்லா மாநிலங்களுக்கும் போனது, சுமார் 4.7 லட்சம் பேரிடம் பேசியது. 10 முதல் 75 வயதுக்குள் 14.6 சதவீதம் பேர் குடிக்கிறார்கள், சுமார் 16 கோடிப் பேர். 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவை. அதில் அடிமைநிலையை அடைந்தவர்கள் மட்டும் 2.9 கோடி. குடிப்பவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் சிக்கலில் இருக்கிறார் என்பது இதன் பொருள். அடிமைநிலையில் உள்ள 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது. மாணவர்கள் ஒரு எண்ணை மட்டும் குறித்துக்கொள்வதானால் இந்த 38ஐக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதே காலத்தை ஒட்டி எடுத்த தேசிய குடும்பநல ஆய்வையும் பக்கத்தில் வையுங்கள். 2019-21இல் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர் 18.8 சதவீதம் என்றது. எய்ம்ஸ் கணக்கில் ஆண்கள் 27.3. எய்ம்ஸ் பத்து வயதுப் பையன்களையும் சேர்த்து எண்ணியது, அதனால் அதில்தான் சதவீதம் குறைந்திருக்க வேண்டும், கூடியிருக்கிறது. குடும்ப நலத்தைப் பற்றிப் பேச வந்தவர் ஊடே ஒரு கேள்வியாகக் கேட்பதும், போதைப் பழக்கத்தைப் பற்றியே பேச வந்தவர் கேட்பதும் ஒன்றல்ல. இரண்டும் அரசின் கணக்குதான்.

குடும்பநல ஆய்வு குடிப்பவர்களைச் சாதிப் பிரிவு வாரியாகவும் அட்டவணை போடுகிறது. அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் "எஸ்சி, எஸ்டி ஆட்கள்தான் அதிகம் குடிக்கிறார்கள், அரசே சொல்கிறது" என்று எழுதுகிறார்கள். அந்த எண் சொல்வது குடிக்கும் பழக்கம் உண்டு என்பதை மட்டும். கோயில் கொடைக்கு வருடத்தில் இரண்டு நாள் குடிப்பவரும், விடிந்ததும் கடை வாசலில் நிற்பவரும் அந்த ஒரே எண்ணுக்குள் இருக்கிறார்கள். பழக்கத்தின் பரவல் வேறு, நோயின் பரவல் வேறு. இந்த வேறுபாட்டை நாமே தெளிவாகச் சொல்லிப் பழகாவிட்டால் நமக்காக வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

இனி இரண்டாவது எண்ணுக்கு, ரிலாப்ஸுக்கு வருகிறேன். என் பார்வையில் இதுதான் அதிகம் அநீதி செய்த எண்.

திரும்பக் குடிப்பது என்றால் என்ன? ஒரு கல்யாணத்தில் ஒரு கிளாஸ் குடித்தால் விழுந்துவிட்டார் என்று கணக்கா, பழைய நிலைக்கே போனால்தான் கணக்கா? இதற்கு இன்றுவரை ஒரே பதில் இல்லை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் டி.எல். டேவிஸ் 1962இல், சிகிச்சை பெற்ற 93 பேரில் 7 பேர் பல வருடங்களாக அளவோடு குடித்துக்கொண்டு சிக்கலில்லாமல் இருக்கிறார்கள் என்று எழுதியபோது மருத்துவ உலகம் கொதித்தது. 1985இல் கிரிஃபித் எட்வர்ட்ஸ் அதே ஏழு பேரைத் தேடிப் போய்ப் பார்த்தார். பெரும்பாலோருக்கு நடுவில் மறுபடி சிக்கல் வந்திருந்தது. நோய்க்கு ஒரு நாள் பார்த்த பதில் ஒன்று, இருபது வருடம் கழித்துப் பார்த்த பதில் வேறு.

1971இல் ஹன்ட் என்பவரும் கூட்டாளிகளும் மது, ஹெராயின், சிகரெட் மூன்றுக்குமான சிகிச்சை முடிவுகளைச் சேர்த்து ஒரு வளைகோடு வரைந்தார்கள். மூன்றிலும் கோடு ஒரே மாதிரி விழுந்தது. மூன்று மாதத்துக்குள் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் திரும்பிவிடுகிறார்கள். பாடப் புத்தகங்களில் மிகவும் சுற்றிய படம் இது. இது சிகிச்சைக்கு வந்தவர்களின் கோடு. வீட்டில் இருந்தபடியே நிறுத்தியவர் இதில் இல்லை.

இன்னொரு சங்கதி இருக்கிறது. தொடர் பரிசோதனைக்கு வராதவர்களை என்ன செய்வது? பல ஆய்வுகள் வராதவர் எல்லாம் திரும்பக் குடித்துவிட்டார் என்றே வைத்துக் கணக்குப் போடுகின்றன. கவனமாக இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்று விளக்கம் சொல்வார்கள். ஆனால் வராதவர் யார்? திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போனவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏற முடியாதவர். சிம் கார்டு மாறியவர். அவர் குடிக்காமல் இருந்தாலும் படிவத்தில் விழுந்தவர். தனியார் மறுவாழ்வு மையங்களில் சில இதற்கு நேர்மாறாக, வராதவர்களைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டு, வந்தவர்களை மட்டும் வைத்து வெற்றி சதவீதத்தை விளம்பரப் பலகையில் எழுதுகின்றன. அந்தப் பலகையை நம்பி நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய அக்காக்களை எனக்குத் தெரியும்.

பாட்ரிசியா கோஹன், ஜேக்கப் கோஹன் இருவரும் 1984இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: மருத்துவரின் மாயை. நோய் நீண்டு நிற்பவர்தான் திரும்பத் திரும்ப வருவார். சீக்கிரம் மீண்டவர் ஒருமுறைகூட வராமல் போயிருப்பார். ஆகவே மருத்துவமனையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு நோய் எப்போதும் தீராததாகத்தான் தெரியும்.

அப்படியானால் மருத்துவமனைக்கு வெளியே என்ன தெரிந்தது? இதற்கு நல்ல பதில் ஜார்ஜ் வேலன்ட்டின் நீண்ட ஆய்வில் கிடைத்தது. ஒரு பக்கம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்த 268 பேர். இன்னொரு பக்கம் பாஸ்டன் நகரின் ஏழைத் தெருக்களில் வளர்ந்த 456 பேர். எல்லாம் வெள்ளை ஆண்கள். இளமையிலிருந்து அறுபது வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். குடியால் சிக்கலுக்கு ஆளானவர்கள் ஏழைத் தெருவில் அதிகம் இருந்தார்கள். இதைச் சொல்லி நிறுத்திவிட்டால் ஊர்த்தெருவின் வரி வந்துவிடும். ஆனால் 1996இல் வெளிவந்த முடிவு இதோடு நிற்கவில்லை. சிக்கலுக்கு ஆளானவர்களில் அறுபது வயதில் இன்னமும் அதே நிலையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஹார்வர்டுகாரர்களில் 59 சதவீதம், ஏழைத் தெருக்காரர்களில் 30 சதவீதம். முற்றிலும் நிறுத்தியவர்கள் ஹார்வர்டில் 11 சதவீதம், ஏழைத் தெருவில் 30. ஏழைகளில் இறந்தவர்களும் அதிகம், 28க்கு 18. அதை மறைக்கக் கூடாது. பணமும் படிப்பும் உள்ளவருக்கு, அடிபடாமல் பல பத்தாண்டுகள் குடித்துக்கொண்டே இருக்க முடிகிறது. ஐந்து வருடம் முழுக்க நிறுத்தியவர் திரும்பக் குடிப்பது அரிது என்பதும் இந்த ஆய்வு கண்டதுதான்.

2001-02இல் அமெரிக்கா முழுவதும் 43,000 பேரிடம் வீட்டுக்கே போய் எடுத்த கணக்கெடுப்பும் இதே திசையில் சொன்னது. முன்பு எப்போதோ மது அடிமைநிலையில் இருந்தவர்களில், கேட்ட வருடத்தில் கால் பங்கினர்தான் அதே நிலையில் இருந்தார்கள். எப்போதாவது சிகிச்சை பெற்றிருந்தவர்களும் கால் பங்கினர்தான். மூன்று வருடம் கழித்து, மீண்டவர்களைத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். முழுக்க நிறுத்தியிருந்தவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் திரும்பியிருந்தன. அளவோடு குடித்தவர்களில் 27.2. அறிகுறி இல்லாவிட்டாலும் அதிகம் குடித்துக்கொண்டிருந்தவர்களில் 51. மூன்றும் ரிலாப்ஸ்தான், மூன்று எண்கள். "குடிகாரன் மாற மாட்டான்" என்று பேசுபவரிடம் எந்த எண்ணைச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். சர்க்கரை நோயாளி இனிப்பைத் தின்றுவிட்டு வந்தால் மருந்தைக் கூட்டுகிறார்கள், துரத்துவதில்லை. இந்த ஒப்பீட்டை மெக்லெல்லனும் கூட்டாளிகளும் 2000ஆம் ஆண்டிலேயே செய்துவிட்டார்கள்: ஒரு வருடத்துக்குள் திரும்ப விழுவோர் போதைப் பழக்கத்தில் 40 முதல் 60 சதவீதம், ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா நோயாளிகளில் திரும்ப மோசமாவோரும் அதற்குக் குறைவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தலித் மக்கள் நிறைந்த, கூலி வேலைக்குப் போகிறவர்களின் பகுதி அது. குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தவுடன் குடிகாரனுக்கு எதற்குப் பத்து லட்சம் என்ற குரல்தான் பெரிதாகக் கேட்டது. செத்த பிறகு ஒவ்வொருவரின் பெயரும் வயதும் தொழிலும் எழுதப்பட்டன. சாவதற்கு முந்தின வாரம் அவர்களில் எத்தனை பேருக்கு அடிமைநிலை இருந்தது, எத்தனை பேர் ஒருமுறையாவது நிறுத்தப் பார்த்தார்கள், அவர்களுக்கு மிக அருகில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாராவது அதைக் கேட்டார்களா? கேட்கும் ஏற்பாடு இருந்திருந்தால் பதில் ஒரு பதிவேட்டில் இருந்திருக்கும்.

அப்படி ஒரு ஏற்பாடு சாத்தியம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வேறு நோய்க்காக வந்த ஆண்களிடம் ஆடிட் கேள்விகளைக் கேட்டார்கள். 12 முதல் 19 மதிப்பெண் எடுத்த 377 பேரில் பாதிப் பேருக்கு நான்கு அமர்வுகள்வரை ஆலோசனை. ஆலோசனை தந்தவர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல. பயிற்சி கொடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட சாதாரண ஆட்கள். 2017இல் வெளிவந்த முடிவில், மூன்று மாதத்தில் சிக்கலிலிருந்து மீண்டவர்கள் ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 26. ஒரு வருடத்தில் 54, 32. வித்தியாசம் குறையவில்லை, விரிந்தது. இருபதைத் தாண்டியவர்களுக்கு இது போதாது, அவர்களுக்கு மருத்துவமனைப் படுக்கையும் மருந்தும் வேண்டும். ஆனால் அவர்களைக் கண்டுபிடிப்பதற்கும் அதே பத்துக் கேள்விகள்தான் தொடக்கம்.

ஆகவே நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கை எண்ணாதே என்பதல்ல. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேள், டிரிங்க் கணக்கைக் குவாட்டரில் கேள், வந்தவரை ஒரு மாதம், மூன்று மாதம், ஒரு வருடம் கழித்து அவர் இருக்கும் இடத்துக்கே போய்ப் பார், வராதவரை விழுந்தவர் என்று எழுதாதே, பாட்டில் கணக்கை வெளியிடும் அதே மாதத்தில் மாவட்டவாரியாக இதையும் வெளியிடு. கழிவுநீர்க் குழிக்குள் இறங்குவதற்கு முன் நாற்றத்தைத் தாங்கக் குடிப்பவரிடம், வேலையை மாற்றாமல் மதிப்பெண்ணை மட்டும் கேட்காதே என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த மன்றத்தில் சமூகவியல், சமூகப்பணி படிக்கும் தம்பி தங்கைகள் இருக்கிறீர்கள். அரசு செய்யும்வரை காத்திருக்காமல் உங்கள் காலனியிலேயே இதைத் தொடங்கலாம். முதலில் மகளிர் குழுவிடம் பேசுங்கள், அவர்களுக்குத்தான் யார் எப்போது நிறுத்தினார், எதனால் திரும்பக் குடித்தார் என்ற கணக்கு நாள் தவறாமல் தெரியும். கிடைத்ததைக் கல்லூரிக் கருத்தரங்கில் படிப்பதற்கு முன் காலனியில் படித்துக் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் எந்த எண்ணும் வெளியே போகக் கூடாது. நோட்டு அவர்களிடமே இருக்கட்டும். அதில் பெயர் எழுத வேண்டியதில்லை. வயது, செய்யும் வேலை, குடிக்கும் அளவு, கடைசியாக எந்த மாதம் நிறுத்திப் பார்த்தார், எத்தனை நாள் தாக்குப்பிடித்தார், அந்த நாள்களில் யார் கூட இருந்தார்கள் என்பவை போதும்.